அணைக்கரையிலிருந்து அடித்த வெளிச்சம்

அம்மா மலைக்கு வேலைக்குப் போன வருடம் நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். கல்வராயன் மலையில் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்றில் சமையல் வேலை. கரும்பு லாரியிலிருந்து விழுந்து அப்பாவின் இடுப்பு போன பிறகு, வீட்டில் யாராவது ஒருவர் வேலைக்குப் போயாக வேண்டியிருந்தது. அம்மா போனாள். பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கி வருவாள். அவள் இருந்த இடத்தில் அப்போது செல்போன் டவர் கிடையாது.

எங்கள் வீடு கச்சிராயபாளையத்தை அடுத்து, கோமுகி அணைக்குப் பக்கத்தில் இருந்தது. அணைக்கரைமேல் ஏறி நின்றால் தண்ணீருக்கு அப்பால் மலை தெரியும். பொழுது சாய்ந்ததும் மலை விளிம்பில் ஒரே ஒரு விளக்கு எரியும். முதல் தடவை இறங்கி வந்தபோது அம்மாதான் அதை எனக்குக் காட்டினாள்.

“அதோ, அதான் எங்க சமையக்கட்டு வாசல்ல எரியிற லைட்டு.”

பஸ்ஸில் வளைந்து வளைந்து ஒன்றரை மணி நேரம் ஏற வேண்டிய இடம், கரையிலிருந்து பார்த்தால் நேர் எதிரே இருந்தது. எல்லா வம்பும் அதனால்தான் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா கரும்புத் தோட்டத்துக் காட்டுப்பன்றிகளை விரட்டுவதற்காகக் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு டார்ச் வாங்கி வந்தார். ஒரு கிலோமீட்டர் பாயும் என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்திருந்தது. பெட்டியில் அச்சடித்திருப்பது பொய்யாக இருக்கும் என்று நினைக்கிற வயதில்லை எனக்கு.

“சித்தப்பா, அம்மா இருக்கிற எடம் எவ்ளோ தூரம்?”

“காக்கா மாதிரி நேரா பறந்து போனா மூணு கிலோமீட்டர் இருக்கும்.”

“அப்போ மூணு டார்ச்ச சேத்துக் கட்டி அடிச்சா அம்மாவப் பாத்துடலாமா?”

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அப்பா திரும்பினார். மாதக்கணக்கில் அவர் அப்படித்தான் கிடந்தார். பம்பு செட் மோட்டார் ஆனாலும் ரேடியோ ஆனாலும் கழற்றிப் பார்த்துவிடுகிற கை அவருடையது. விழுந்த நாளிலிருந்து அந்தக் கை எதையும் தொடவில்லை.

“மொதல்ல அது ஒரு கிலோமீட்டர் பாயுதான்னு பாக்கலாம். அத்த இங்க குடு” என்றார்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் மூவரும் கரைக்குப் போனோம். அப்பா ஒரு கையால் என் தோளையும் மறு கையால் கம்பையும் பிடித்துக்கொண்டு நடந்தார். சித்தப்பா வெள்ளை வேட்டி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோடு நடக்க வேண்டும். ஒவ்வொரு நூறு தப்படிக்கும் நின்று வேட்டியை இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்க வேண்டும். அப்பா வெளிச்சம் அடிப்பார். வேட்டி தெரிகிறதா என்று நான் சொல்ல வேண்டும். காற்று வாங்க வந்தவர்கள் சித்தப்பாவிடம், “இன்னா, சினிமா காட்டப் போறியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நூறில் பளிச்சென்று தெரிந்தது. இருநூறில் மங்கியது. முந்நூறில் நான் ஆசையால் தெரிகிறது என்று சொன்னேன். சித்தப்பா அப்போது வேட்டியைச் சுருட்டி வைத்துவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு என் சாட்சியை அப்பா அவ்வளவாக நம்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டார்ச்சைக் கழற்றினார். சுவரில் அடித்தால் வட்டத்தின் நடுவே சாம்பல் நிறத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. பல்பு கண்ணாடிக் கிண்ணத்தில் சரியான ஆழத்தில் உட்காரவில்லை என்றார். நாள்காட்டித் தாளில் சின்னச் சின்ன வளையங்கள் வெட்டி, பல்புக்கு அடியில் ஒவ்வொன்றாகச் செருகினார். நாலாவது வளையத்தில் ஓட்டை மூடிக்கொண்டு, சுவரில் வெளிச்சம் உள்ளங்கை அளவுக்குக் குவிந்தது. நான் கை தட்டினேன். கரைக்குக் கொண்டுபோனால் அதே வெளிச்சம் இருநூறு தப்படியில் சிதறிப்போனது.

“பக்கத்துச் சுவத்துக்கு வெச்ச கணக்கு தூரத்துக்கு ஆவாது. தூரத்துல அடிச்சிப் பாத்துதான் தூரத்துக்கு சரி பண்ணணும்” என்றார் அப்பா. பிறகு தினமும் கரையிலேயே உட்கார்ந்து வளையத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். வேட்டி பிடித்துப் பிடித்துச் சித்தப்பாவுக்குத் தோள்பட்டை வலித்தது. “பன்னி கரும்புத் தோட்டத்துலதான வருது, மூணு கிலோமீட்டருக்கு அப்பாலயா வருது?” என்று அவர் ஒருநாள் கேட்டேவிட்டார். அப்பா அடுத்த வளையத்தைச் செருகினார்.

டார்ச் ஐந்நூறைத் தாண்டவில்லை. கிண்ணம் பெரிதாக இருந்தால்தான் வெளிச்சம் இன்னும் குவியும் என்று சொல்லி, பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு லாரி ஹெட்லைட் கிண்ணத்தை வாங்கி வரச் செய்தார். பால் பவுடர் டின் அதற்கு உடம்பானது. மோட்டார் சைக்கிள் பேட்டரியை ஒயர் கூடையில் வைத்து நான் தூக்கிக்கொண்டேன். கிண்ணத்தின் உட்புறத்தை விரலால் தொடக்கூடாது. வாயால் ஊதி, பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். அம்மாவின் ஒரே பட்டுப் புடவையைக்கூட யாரும் அவ்வளவு பதமாகத் தொட்டதில்லை.

அந்தப் புது விளக்கை அடித்த முதல் நாள், கரையின் கடைசியில் நின்ற சித்தப்பாவின் வேட்டி நிலா மாதிரி தெரிந்தது. ஆயிரத்து நூறு தப்படி. சித்தப்பா அங்கிருந்து ஆடினார். அவர் ஆடுவதுகூடத் தெரிந்தது.

“இப்ப அம்மாவுக்கு அடிப்பா” என்றேன்.

அப்பா விளக்கைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினார். வெளிச்சம் வெள்ளைக் கம்பு மாதிரி அணையின் மேல் நீண்டது. பாதி தூரம் போய், புகைபோலக் கரைந்து காணாமல் போனது. மலை இருட்டாகவே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“தூரம் மூணு மடங்கானா வெளிச்சம் ஒம்பது மடங்கு வேணும் பாப்பா. நீ சொன்ன மூணு டார்ச்சு போதாது” என்றார் அப்பா.

ஆனாலும் தினமும் அடித்தோம். ஏழு மணிக்கு ஐந்து நிமிடம். அம்மாவுக்கு எட்டவில்லை என்று தெரிந்தே, மலையைப் பார்த்து நான் கையை ஆட்டுவேன்.

நடுவில் வர வேண்டிய ஞாயிறு அம்மா வரவில்லை, அடுத்த முறைக்குத்தான் வந்தாள். இளைத்திருந்தாள். விளக்கைப் பற்றி நான் சொல்ல வாயெடுப்பதற்குள், சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்.

“கரை மேலேருந்து லைட்டு அடிக்கிறது நீங்கதானே?”

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். “உனக்குத் தெரிஞ்சுதா?”

“மொதல் நாள்லேருந்து தெரியுது. கரையோட அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அடிச்சிக்கினு இருந்தீங்களே, அப்பவே. சின்னதா நட்சத்திரம் மாதிரி. இப்பத்தான் பெருசா தெரியுது.”

மலையைப் பார்க்க எங்களுக்குத்தான் அத்தனை வெளிச்சம் வேண்டியிருந்தது. எங்களைப் பார்க்க அவளுக்குச் சித்தப்பாவின் டார்ச்சே போதுமாக இருந்திருக்கிறது. அப்பா தட்டைப் பார்த்தபடி சிரித்தார். நான் துள்ளிக் குதித்தேன். இனி ஒரு நாள்கூடத் தவறாமல் அடிப்போம் என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். “அத்த அடிக்க வேணாங்க.”

“ஏம்மா?” என்றேன்.

“ஏழு மணிக்குத்தான் ராத்திரி சோறு எறக்கணும். அந்த லைட்டு வந்தா கையில கரண்டி நிக்க மாட்டேங்குது. வாசல்லயே போய் நின்னுடறேன். முந்தாநேத்து சோறு அடி புடிச்சிப் போச்சி. அறுவது புள்ளைங்க, அத்தயே தின்னுட்டுப் படுத்துச்சிங்க. வேணாங்க.”

எனக்குக் கேட்டதெல்லாம் அந்த அறுபது பிள்ளைகள்தான். என்னைவிட அவர்கள்தான் அவளுக்கு முக்கியம். சாயங்காலம் அவள் மலைப் பஸ் ஏறியபோது வழியனுப்ப நான் போகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். “எங்க அவ?” என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சித்தப்பா சத்தம் போட்டார். அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. நான் வெளியே வரவில்லை.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் அப்பா வழக்கம்போல விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா சொன்னதை அவர் கேட்கப்போவதில்லை என்று நினைத்தேன். கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினேன். கரையில் உட்கார்ந்து, ஒயரைப் பூட்டி, விளக்கை மலைக்கு நேராகத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார். சுவிட்சின் மேல் கட்டைவிரலை வைத்தார். எதிரே அம்மாவின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏழு மணி ஆனது, எட்டு மணியும் ஆனது. அவர் விரல் அங்கேயே இருந்தது, அழுத்தவில்லை.

பேட்டரி தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதை அப்பாவிடம் கேட்டு அவர் மனதைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று, பெரிய மனுஷிபோலச் சும்மா இருந்தேன்.