மஞ்சள் ஸ்கூட்டரும் சிவப்புக் கொடியும்

ஸ்கூட்டர் எனக்காக வாங்கியது. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் கன்வேயர் பெல்ட் பராமரிப்புப் பிரிவு, முதல் ஷிஃப்ட் ஆட்கள்.

என் வீட்டுக்காரர் அந்தப் பிரிவில்தான் இருக்கிறார். நெய்வேலியில் சுரங்கத்திலிருந்து கரியை வெளியே கொண்டுவரும் பெல்ட், ஊர் ஊராகப் போகும் நீளம் இருக்கும். அது நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது இவர்கள் வேலை. அவரும் அவரோடு ஷிஃப்ட் பார்க்கும் மூன்று பேரும் வெளியில் எதை வாங்கினாலும் கூடிப் பேசித்தான் வாங்குவார்கள். எங்கள் வீட்டு மிக்ஸியைக்கூட நான்கு பேர் சுற்றி நின்று ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினார்கள். அது இன்றும் ஓடுகிறது. சத்தத்துக்குத்தான் பக்கத்து குவார்ட்டர்ஸ் நாய் எழுந்து போய்விடும்.

வண்டி எதற்கு என்றால், எனக்கு ஒரு வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் லேப் டெக்னீஷியன் படித்தவள். சான்றிதழ் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. பிள்ளைகள் இருவரும் ஹாஸ்டலுக்குப் போன பிறகு அதை எடுத்துத் துடைத்துக்கொண்டு மந்தாரக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்குப் போனேன். அதை நடத்துகிற அம்மாளுக்கு, காலையில் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்துவர ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"வண்டி இருக்காம்மா?" என்று கேட்டார்.

"வாங்கிடுவேன் மேடம்."

"வாங்கிட்டு வா. ஒரு மாசம் பார்க்கிறேன். சரியா வந்தா வச்சுக்கறேன்."

இத்தனை வருடம் கழித்து எனக்கென்று ஒருவர் வேலை தருகிறேன் என்று சொன்னார். இதை விட்டால் இன்னொன்று வராது. இந்த வயதில் யார் கூப்பிடப்போகிறார்கள்? அந்த வேலை எனக்கு வேண்டும். வெறியாக வேண்டும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, வண்டி வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அங்கேதான் பிசகிவிட்டது.

எனக்கு வேண்டியது இரண்டே விஷயம். உட்கார்ந்தால் கால் தரையில் ஊன்ற வேண்டும். கால் வைக்கும் இடம் அகலமாக, சமமாக இருக்க வேண்டும். ரத்தக் குழாய்களை வைக்கும் ஐஸ் பெட்டியை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு ஓட்டினால்தான் அது குலுங்காது. குலுங்கினால் ரத்தம் கெட்டுவிடும், திரும்பப் போய்க் குத்த வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் டீயோடு கூட்டம் கூடியபோது இதைச் சொன்னேன். நான்கு பேரும் தலையாட்டிவிட்டு பாடி இரும்பா, ஃபைபரா என்று விவாதத்துக்குப் போய்விட்டார்கள்.

"மைலேஜெல்லாம் பாக்காதீங்ணா, வெயிட்டு பாருங்க. வெயிட்டு இருந்தாத்தான் ரோட்டப் புடிச்சு ஓடும்," என்றார் அவர்களில் கோயம்புத்தூர்க்காரர்.

"அண்ணி சைக்கிளாவது ஓட்டுவாங்களா?" என்று இன்னொருவர் என் எதிரிலேயே என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

நான் கம்மாபுரம் பக்கத்துக்காரி. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் மொபெட்டில் புல்லுக்கட்டை ஏற்றிக்கொண்டு வரப்போரமாகவே ஓட்டிக்கொண்டு வந்தவள். அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர்கள் ஷாக் அப்சார்பருக்குப் போயிருந்தார்கள்.

ஷோரூமில் நான்கு பேரும் வண்டியைச் சுற்றிவந்தார்கள். ஒருவர் குனிந்து அடியில் பார்த்தார். ஒருவர் விரலால் தட்டிச் சத்தம் கேட்டார். விற்பனைக்கு நின்ற பெண் பாவம், வேர்த்துப்போனாள். நான் கருநீலத்தில் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். ஏறி உட்கார்ந்து கால் ஊன்றிப் பார்த்தேன், நன்றாக ஊன்றியது. இறங்குவதற்குள் மஞ்சளில், இருப்பதிலேயே கனமான வண்டிக்கு முன்பணம் கட்டியாயிற்று.

"ஏங்க மஞ்சளு?" என்றேன்.

"தூரத்துல வந்தாலும் கண்ணுல படும்ல," என்றார் என் வீட்டுக்காரர். சுரங்கத்தில் எல்லா இயந்திரமும் மஞ்சள்தான். அந்த வண்டியில் எனக்கு நுனிக்கால்தான் ஊன்றியது.

சரி, வாங்கியாயிற்று, ஓட்டிப் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வாங்கினது பாதிதானாம். மேற்கொண்டு செய்ய வேண்டியது நிறைய இருந்தது. அவர் ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, தினமும் ஒன்று சேர்த்தார். முன்னால் இரும்பு கார்டு. பின்னால் இரும்பு கார்டு. பக்கவாட்டில் கார்டு. கண்ணாடி இரண்டு போதாமல் மூன்றாவதாக ஒன்று. அதில் என் தாடைதான் தெரியும், வேறெதுவும் தெரியாது. கால் வைக்கும் இடத்தில் சின்னதாக ஒரு தீயணைப்பு சிலிண்டர். ஸ்டாண்ட் போட்டதும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைக்க இரண்டு மரக்கட்டை, கயிறு கட்டி. சுரங்கத்தில் வண்டியை நிறுத்தினால் கட்டை வைப்பது சட்டம். எங்கள் தெரு சமதளம். தண்ணீர் கொட்டினால்கூட எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசித்து நிற்கும்.

பெல்ட்டைக் கிளப்புவதற்கு முன் சைரன் ஊதுவார்கள். யாராவது பக்கத்தில் நின்றால் விலகிவிட வேண்டும் என்பதற்காக. அதனால் நான் வண்டியைக் கிளப்புவதற்கு முன் மூன்று முறை நீளமாக ஹாரன் அடிக்க வேண்டும் என்றார்.

"விடியகாலையிலங்களா?"

"எப்ப கிளப்பினாலும்."

கடைசியாகக் கொடி. சுரங்கத்துக்குள் போகும் ஜீப்பில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கம்பு நட்டு, நுனியில் சிவப்புக் கொடி கட்டியிருப்பார்கள். மாடி உயரத்தில் உட்கார்ந்து பெரிய லாரி ஓட்டுகிறவருக்குக் கீழே ஜீப் வருவது தெரிய வேண்டுமே, அதற்கு. அதே கம்பு, அதே கொடி. என் ஸ்கூட்டரின் பின்னால் போல்ட் போட்டு முடுக்கி, சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை என் பிரசவத்தின்போதுகூடப் பார்த்ததில்லை.

முதல் நாள் காலை மூன்று முறை ஹாரன் அடித்தேன். எதிர் குவார்ட்டர்ஸில் விளக்கு எரிந்தது. இரண்டு வீட்டில் ரத்தம் எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வீடு, ரிட்டையர் ஆன பெரியவர் ஒருவருடையது. அதற்குக் குவார்ட்டர்ஸ் பக்கத்துச் சந்து வழியாகப் போக வேண்டும். குறுக்கே துணி உலர்த்தும் கொடிக்கயிறு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கம்பு குனியவில்லை.

அழைப்பு மணி அடித்ததும் பெரியவர் வந்து கதவைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் உயரத்தில் பார்த்தார்.

"அது எங்க வூட்டு லுங்கி மாதிரி இருக்கே," என்றார்.

திரும்பிப் பார்த்தேன். இருந்தது.

லுங்கியை மடித்துக் கொடுத்துவிட்டு ரத்தம் எடுத்தேன். அது போகட்டும், சிரித்துவிட்டுப் போகலாம். ஐஸ் பெட்டிதான் என் வயிற்றில் அடித்தது. கால் வைக்கும் இடத்தில் தீயணைப்பு சிலிண்டர் உட்கார்ந்திருந்ததால் பெட்டியை முன்னால் கொக்கியில் மாட்டியிருந்தேன். வழியெல்லாம் அது இரும்பு கார்டில் இடித்துக்கொண்டே வந்தது. லேபில் குழாய்களைச் சுழற்றிப் பார்த்தால் மேலே தெளிவாக மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் இரண்டு குழாயில் சிவப்பாக இருந்தது. ரத்தம் உடைந்துவிட்டது. அந்த இரண்டு பேர் வீட்டுக்கும் திரும்பப் போய், மன்னிப்புக் கேட்டு, திரும்பக் குத்தினேன்.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "இன்னொரு தடவ இப்படி ஆனா நான் வேற ஆள் பார்க்க வேண்டியிருக்கும்மா," என்று மெதுவாகச் சொன்னார்.

அன்று மதியம் என் வீட்டுக்காரர் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"இது வண்டியாங்க, இல்ல சாமி தேரா? கொடிய ஏத்திகினு, சங்கு ஊதிகினு போறேன். ஊரே வேடிக்க பாக்குது. ரத்தம் கெட்டுப்போச்சு. இன்னொரு வாட்டி கெட்டுச்சுன்னா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. எனக்கு அந்த வேல வேணுங்க."

அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். ரொம்ப நேரம் பிசைந்தார்.

"உள்ள இறங்கிட்டா எட்டு மணி நேரம் எனக்கு ஒண்ணும் தெரியாது. கையில போன் கிடையாது," என்றார். "நீ வீட்டுல இருக்கேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் வேலை பார்த்தேன். இப்ப நீ எங்க இருக்கேன்னு நினைக்கிறது?"

எனக்குக் கோபம் போகவில்லை.

"நானுந்தான் இத்தன வருஷம் ஒண்ணும் தெரியாம உக்காந்துகினு இருந்தேன். உங்க தலயில யாரு கொடி கட்டி அனுப்பனா?"

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அன்று சாயந்திரமே வண்டியை மந்தாரக்குப்பம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். இரும்பு இரும்பாகக் கழன்று தரையில் குவிந்தது. இத்தனையையும் சுமந்துகொண்டா ஓடியது என்று வண்டியைப் பார்த்தால் எனக்கே இரக்கமாக இருந்தது. சீட்டுக்குள் பஞ்சை அறுத்து உயரத்தைக் குறைத்துத் தரச் சொன்னேன். கால் முழுதாக ஊன்றியது. அதுதான் நான் செய்த ஒரே அப்கிரேடு.

"கொடிக்கம்பையும் கழட்டிடலாமாக்கா?" என்றார் மெக்கானிக். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டார்.

கழற்றிவிடுங்கள் என்றுதான் சொல்ல வந்தேன். "ஓட்டறப்ப வேணாம். நிறுத்தனப்புறம் மாட்டற மாதிரி செஞ்சி குடுங்க," என்றேன். அவருக்குப் புரியவில்லை. செய்து கொடுத்தார்.

என் வீட்டுக்காரரின் ஷிஃப்ட் பஸ் மதியம் இரண்டு மணிக்கு மேல் மந்தாரக்குப்பம் கடைத்தெரு வழியாகத்தான் டவுன்ஷிப்புக்குத் திரும்பும். லேப் ரோட்டு மேலேயே இருக்கிறது. மறுநாள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டு வந்து, வண்டியை லேப் வாசலில் நிறுத்தி, சீட்டுக்கு அடியில் மூன்றாக மடித்து வைத்திருந்த கம்பை நீட்டிச் சொருகி, கொடியை ஏற்றினேன். பக்கத்துக் கடைக்காரர் எந்தக் கட்சி என்று கேட்டார். பஸ் வந்தது. உயரத்தில் ஜன்னலோரம் ஒரு தலை திரும்பியது. பஸ் போய்விட்டது.

மெக்கானிக்கிடமிருந்து நான் கொண்டுவந்து குவார்ட்டர்ஸ் வாசலில் போட்டிருந்த இரும்பையெல்லாம் அவரே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். கட்டை இரண்டையும் மட்டும் கேஸ் சிலிண்டருக்கு முட்டுக் கொடுத்து வைத்தார். தினமும் கொடி ஏறியது, தினமும் தலை திரும்பியது. ஒரு குழாய்கூடக் கெடவில்லை.

மாதக் கடைசியில் ஒரு நாள் லேபில் நல்ல கூட்டம். வந்ததும் வராததுமாக உள்ளே இழுத்துப் போட்டுவிட்டார்கள். கொடி மறந்தே போயிற்று.

ஊசியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புக்குப் பதில் பூட்ஸ் சத்தம். நிமிர்ந்தேன். தலையில் சுரங்க ஹெல்மெட், சட்டையெல்லாம் கரித்தூள். என் வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சார், டெஸ்டா?" என்றார் மேடம். அவரை மேடம் அதுவரை பார்த்ததில்லை.

அவர் என்னைப் பார்த்தார். கையையும் காலையும் பார்த்தார். எல்லாம் இருந்தது. "ஆமாங்க," என்றார்.

"என்ன டெஸ்ட்?"

அவருக்கு ஒரு டெஸ்ட் பெயரும் தெரியாது. "சுகர் எழுதிக்குங்க மேடம்," என்றேன் நான்.

நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். பட்டையைக் கட்டினேன். முழங்கையிலிருந்து விரல் வரை நடுங்கிக்கொண்டிருந்தது. காத்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள்.

"பயப்படாதீங்க சார், இவங்க கை மெத்துனு இருக்கும். குத்தறதே தெரியாது," என்றார் மேடம். "இவங்கள நான் விடறதா இல்ல. இங்க இனிமே இவங்க பெர்மனென்ட்."

சுரங்கத்தில் அந்தச் சொல்லுக்காக ஆட்கள் வருடக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். அதன் மதிப்பு அந்த அறையில் என் வீட்டுக்காரருக்குத்தான் அதிகம் தெரியும். என்னை நிமிர்ந்து பார்த்தார். "கொடி?" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"மறந்துட்டேங்க."

தலையாட்டினார். ஊசிக்குப் பயந்து நடுங்குவதாக எல்லோரும் நினைத்தார்கள். ஊசி போன பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. நான் எத்தனையோ பேர் கையைப் பிடித்துவிட்டேன், எனக்காக நடுங்கிய கை அது ஒன்றுதான். குழாய் நிரம்புகிற வரை எனக்குக் கண்ணீர் மறைத்துக்கொண்டே இருந்தது. தப்பாமல் எடுத்தது ஏதோ கைப்பழக்கம்.

பஸ் போய்விட்டிருந்தது. ஐஸ் பெட்டியைக் கால் நடுவில் வைத்துக்கொண்டு அவரைப் பின்னால் ஏறச் சொன்னேன். சுரங்க ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஏறினார். ஒரு கை என் தோளில். இன்னொரு கையில், எதற்கென்று நான் கேட்கவில்லை, கொடிக்கம்பை நீட்டி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

கிளப்புவதற்கு முன் மூன்று முறை ஹாரன் அடித்தேன்.