சொல்லாமல் புறப்பட்ட மாலை

குமுதினிக்கு ஒரு பழக்கம். எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாலும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "போட்டு வாறன்" என்று, போய்விட்டு வருவதாகச் சொல்லிக்கொள்வாள். ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்தபோது அதுவும் கூடவே வந்தது. ஓர் அருங்காட்சியகத்தில் அவளுக்குத் துப்புரவு வேலை. நிலவறையைத் துடைத்துவிட்டு விளக்கை அணைக்கும்போது அங்கிருந்த அலுமாரிகளுக்கும் அதையே சொல்வாள்.

2007இல் ஒருநாள்தான் மேற்பார்வையாளர் விஷயத்தைச் சொன்னார். சாம்பல் நிறப் பெட்டிகளில் இருப்பவை மனித எலும்புகள். வெள்ளைக்காரர் அவுஸ்திரேலியாவைப் பிடித்த காலத்தில், பூர்வகுடிகளின் புதைகுழிகளைத் தோண்டி, மண்டையோடுகளை அளந்து பார்க்கக் கப்பலில் கொண்டுவந்தவை. அடுத்த கிழமை அந்தப் பூர்வகுடிகளின் ஆட்கள் வந்து எடுத்துப் போகிறார்களாம்.

அன்றிரவு கோலியர்ஸ் வுட் வீட்டில் அதைக் கேட்டுக் கணவன் ஜீவரத்தினம் விழுந்து விழுந்து சிரித்தான்.

"செத்த வீட்டில ஆரும் போட்டு வாறன் எண்டு சொல்லுவினமே? வருசக்கணக்கில சொல்லியிருக்கிறாய். இனி அவை உன்னைத் தேடி வரப்போகினம்!"

"சும்மா இருங்கோப்பா."

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பெயர் பறிக்கப்பட்டு இலக்கம் ஒட்டப்பட்ட மனிதர்கள். அவர்களுக்குத் தானும் ஒரு பிழை செய்துவிட்டோமோ? வருகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் கோபிப்பார்களோ?

வந்தவர்களில் ஒருத்தி பியற்றிஸ். ஐம்பது வயதிருக்கும். முற்றத்தில் யூக்கலிப்டஸ் இலையைக் கொளுத்திச் சடங்குப் புகை போட்டுவிட்டு நிலவறைக்கு வந்தாள். ஒரு பெட்டியின்மேல் கையை வைத்தாள். குமுதினி வாளியோடு நழுவப் பார்த்தாள்.

"இருங்கள்," என்றாள் பியற்றிஸ். "எங்கள் மொழியில் சொல்லித்தான் இவர்களைக் கூட்டிப்போக வேண்டும். ஆனால் என் அம்மாவைச் சின்ன வயதிலேயே பிடித்துக்கொண்டுபோய்ப் பாதிரிமாரின் மிஷனில் விட்டார்கள். அங்கே மொழியைப் பேசினால் அடி. எனக்கு மிஞ்சியது ஏழெட்டுச் சொல்தான்." பெட்டியைத் தடவினாள். "இங்கேயும் இவர்களோடு ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள்."

குமுதினி வாளியைக் கீழே வைத்தாள். தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"எங்கட ஆக்கள் செத்த வீட்டில சொல்லாமல்தான் போறது. இவை ஆக்கள் எண்டு தெரியாமல் நான் வாறன் எண்டு சொல்லிப்போட்டன். பிழைதான், மன்னியுங்கோ."

"வருவேன் என்று ஒவ்வொரு நாளும் சொன்னீர்களா?"

"ஓம்."

"வந்தீர்களா?"

"லீவு நாளைத் தவிர வந்தனான்."

பியற்றிஸ் சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. "இந்த ஊரில் இவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது நீங்கள் ஒருவர்தான்."

பிறகு பெட்டிகளின் பக்கம் திரும்பி, தன்னிடமிருந்த சொற்களைச் சொன்னாள். தீர்ந்ததும் முதலிலிருந்து தொடங்கினாள்.

வேன் புறப்பட்டபோது அதிகாரிகள் கையசைத்தார்கள். குமுதினி வாய் திறக்கவில்லை. வேலை முடிந்ததும் வெறுமையான நிலவறையில் விளக்கை அணைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கிளம்பினாள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். ஜீவரத்தினம் பையை வாங்கக் கை நீட்டினான்.

"தொடாதேங்கோ. முழுகிப்போட்டு வாறன்."

அவன் சிரிக்கவில்லை. குளியலறைக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான்.