வெட்டி எடுத்த மூச்சு

நடுநிசி, அமாவாசை, நாய் ஊளை... இதெல்லாம் எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்கவும். எனக்கு நடந்தது ஒரு சனிக்கிழமை காலையில். தெருவில் பால் வண்டி நின்றுகொண்டிருந்தது. பக்கத்து மாடியில் யாரோ கம்பளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். இட்டுக்கட்டுவதாக இருந்தால் எனக்குச் சாதகமாகவே கட்டியிருப்பேன். இதில் நான் நல்லவளாக வரப்போவதில்லை. அதற்காகவாவது நம்புங்கள்.

என் பெயர் மர்ஜான். அல்மாட்டி நகரத்தில் வீடியோ கேம்களுக்கும் சினிமாவுக்கும் இசை வெட்டிக் கொடுப்பது என் வேலை. சினிமாவுக்கு வெட்டுவது சுலபம். காட்சி நாலு நிமிடம் என்றால் பாட்டும் நாலு நிமிடம். கேம் அப்படியில்லை. விளையாடுகிறவன் ஒரு வாசலில் ஒரு நிமிடமும் நிற்பான், ஒரு மணி நேரமும் நிற்பான். அதுவரை பாட்டு ஓட வேண்டும். அதனால் ஒரு ராக் பாட்டை எடுத்து டிரம்ஸ் தனி, கிட்டார் தனி, குரல் தனி என்று உரித்து வைப்போம். எதிரி தூரத்தில் இருந்தால் கிட்டார் மட்டும். நெருங்கினால் டிரம்ஸ். கத்தியை உருவினால் குரல். பிறகு பாட்டின் வாலைத் தலையோடு ஒட்டி வட்டமாக்கி விடுவோம். முடிவே இல்லாமல் சுற்றும். ஒட்டு தெரியக்கூடாது. அதுதான் தொழில்.

போன வருடம் எங்கள் நிறுவனம் ஒரு பெரிய கேம் செய்தது. உறைந்த ஏரியின் மேல் கடைசிச் சண்டை. அதற்குத் தோலேகென் அண்ணனின் பழைய பாட்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்.

தொண்ணூறுகளில் எங்கள் ஊர்ப் பையன்களின் ஜாக்கெட் முதுகில் அவருடைய ராக் குழுவின் பெயர்தான் இருக்கும். குரல் ஒன்றும் அழகில்லை. சரளைக்கல் மேல் லாரி போவது மாதிரி. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு மூச்சு இழுப்பார் பாருங்கள்... ஹ்ஹ்ஹா... தண்ணீருக்குள் மூழ்கி மேலே வந்தவன் இழுப்பது போல. கச்சேரியில் கூட்டம் மொத்தமும் அவரோடு சேர்ந்து அந்த மூச்சை இழுக்கும்.

அக்டோபரில் எங்கள் நிலவறை ஸ்டுடியோவுக்கு வந்து புதிதாகப் பாடிக் கொடுத்தார். அறுபதை நெருங்கும் வயது. பழைய தோல் சட்டை. பித்தான் போட முடியாத தொப்பை.

"என்னம்மா, என் பாட்டை வச்சு யாரைக் கொல்லப் போறீங்க?"

"ஒரு அரக்கனைண்ணா. ஏரி மேல."

"பாக்க எங்க பழைய மானேஜர் மாதிரி இருப்பானா?"

"கொம்பு மட்டும் கூட இருக்கும்."

"அப்ப காசே வேண்டாம், பாடறேன்!"

பாடி முடித்ததும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். பால் தேநீர், ரொட்டி, வெண்ணெய். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வெட்டு, ஒட்டு, எப்படி வேணா சுத்த விடு. மூச்சுல மட்டும் கை வைக்காதே."

"ஏண்ணா?"

"சினிமாக்காரன் ஒருத்தன் முன்னாடி என் பாட்டுல மூச்சைத் தொடச்சுட்டான். தியேட்டர்ல உக்காந்து கேக்கறேன்... பொணம் பாடற மாதிரி இருந்துச்சு. வீட்டுக்குப் போற வரைக்கும் எனக்கு நெஞ்சு அடைச்சுது."

நான் ரொட்டி மேல் கையை வைத்தேன். "மூச்சைத் தொட்டா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்."

எங்கள் ஊரில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது.

"பாத்துக்க, காஞ்ச ரொட்டி. வலிக்கும்," என்று சிரித்தார்.

ஜனவரியில் ஊரையே புகைமூட்டம் போர்த்தியது. அண்ணனுக்கு நெஞ்சுச் சளி, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். பயப்பட ஒன்றுமில்லை, திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பாட்டை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுக் காட்டலாம் என்று இருந்தேன்.

சனிக்கிழமை காலை இலியாஸ் போன் செய்தான். கேமின் தலைமைப் பொறுப்பு அவனுடையது. இரண்டு நாளாகத் தூங்காத குரல்.

"மர்ஜான், அந்தக் கிழவரோட மூச்சை எடுத்துடு."

"என்னது?"

"நாப்பது நொடிக்கு ஒரு தடவை அதே மூச்சு, அதே இடத்துல. பாட்டு சுத்துதுன்னு காது கண்டுபிடிச்சிடுது. விளையாடிப் பாக்கற பசங்க கிண்டல் பண்றாங்க, அரக்கனுக்கு ஆஸ்துமாவான்னு."

"அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"ஒப்பந்தத்துல இருக்கா?"

"இல்ல..."

"அப்புறம் என்ன? பன்னெண்டு மணிக்குள்ள மொத்த கேமும் போயாகணும். முடியலைன்னா சொல்லிடு, வேற ஆள் பண்ணுவான். கடைசியில பேர் ஓடுற இடத்துல உன் பேருக்குப் பதிலா அவன் பேரு ஓடும்."

என் பெயர். பதினொரு வருடத்தில் முதல்முறையாகத் திரையில் தனி வரியாக வரவிருந்த பெயர்.

"அனுப்பறேன்," என்றேன்.

நிலவறையில் நான் மட்டும். சனிக்கிழமை என்பதால் வேறு யாரும் இல்லை. எனக்கு எதிரே, பாடுகிறவர்கள் நிற்கும் கண்ணாடி அறை. விளக்கு அணைந்திருந்தது. உள்ளே ஒரு முக்காலி, ஒரு மைக்.

மணி பதினொன்று.

முதல் மூச்சைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஓடவிட்டுக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. வழவழவென்று... அவர் சொன்னது சரிதான். உயிரில்லை. பாட்டை நிறுத்தினேன்.

நிறுத்திய பிறகும் ஹெட்ஃபோனில் ஒரு சத்தம்.

ஹ்... ஹ்... ஹ்...

இழுக்கப் பார்த்து, முடியாமல், பாதியில் அறுந்து போகிற சத்தம். ஒருவர் வாயைக் கையால் பொத்தினால் வருமே, அப்படி.

திரையில் எல்லாம் அசையாமல் கிடந்தது. சத்தத்தின் அளவைக் காட்டும் ஒரே ஒரு பச்சைப் பட்டை மட்டும் ஏறி ஏறி இறங்கியது. கண்ணாடி அறை மைக்கின் பட்டை.

அறையில் ஆள் இல்லை.

அழித்ததை மீட்டேன். அதற்கு ஒரே ஒரு விசைதான். தட்டியதும்... ஹ்ஹ்ஹா... என்று நீளமாக ஒரு மூச்சு உள்ளே போனது. பட்டை படுத்துவிட்டது.

அப்போதுதான் கவனித்தேன், ஹெட்ஃபோன் என் கழுத்தில் கிடந்தது. காதில் இல்லை.

வெந்நீர்க் குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். குளிர்காலத்தில் அது அப்படித்தான் முனகும். எழுந்து போய் மைக்கின் வயரைப் பிடுங்கிப் போட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். இரண்டாவது முறை அழித்தேன்.

வயர் இல்லாத மைக்கின் பட்டை ஏறியது.

ஹ்... ஹ்...

தலையை நிமிர்த்தினேன். கண்ணாடியில் ஒரு பனிவட்டம். உள்பக்கத்தில். சரியாக ஒரு ஆளின் முகம் இருக்கும் உயரத்தில். சின்ன வட்டம்... இன்னும் சின்னதாகிக்கொண்டே...

விசையைத் தட்டினேன். வட்டம் சட்டென்று விரிந்து தட்டு அளவுக்குப் படர்ந்தது.

போனில் இலியாஸின் செய்தி. 'முடிஞ்சுதா?'

மூன்றாவது முறை அழித்தேன். ஏன் அழித்தாய் என்று கேட்காதீர்கள். ஒரு வருடமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தட்.

கண்ணாடியில் உள்ளங்கை விழும் சத்தம்.

தட்... தட்...

மீட்டேன்.

அமைதி. பிறகு ஒரு மூச்சு. இன்னொன்று. தூங்குகிறவரின் மூச்சு போல, சீராக. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணா," என்றேன். ஏன் அப்படிக் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை.

போன் அடித்தது. மணி பதினொன்று நாற்பது.

"எங்க மர்ஜான் ஃபைலு?"

"இலியாஸ்... இங்க ரூம்ல யாரோ இருக்காங்க."

"இருந்தா டீ குடுத்து அனுப்பு. எனக்கு ஃபைல் வேணும். பத்து நிமிஷம். இல்லைன்னா வேற ஆளைக் கூப்பிடறேன்."

வைத்துவிட்டான்.

பாட்டில் இருந்த மூச்சுகள் அத்தனையையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தேன். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிக்கொண்டேன். கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டேன்.

அழித்தேன்.

தட்... தட்... தட்...

ஃபைல் தயாராகிக்கொண்டிருந்தது. பாதி... முக்கால்...

தட்... தட்...

மீட்கும் விசை என் விரலுக்கு அடியில்தான் இருந்தது.

தட்...

அனுப்பினேன்.

...

அவ்வளவுதான். வேறு சத்தமே இல்லை. குழாய்கூட முனகவில்லை. வெகுநேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி காய்ந்து பளிச்சென்று இருந்தது. அதில் என் முகம் மட்டும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ரௌஷான் அக்காவின் போன் வந்தது. தோலேகெனின் அக்கா. "தம்பி போயிட்டான்டி," என்றார்கள். எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவேண்டியிருந்தது. கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அடக்கம். குடியிருப்பின் முற்றத்தில் பனி மேல் வட்டக் கூடாரம் போட்டிருந்தார்கள். தோல் சட்டைக்காரர்கள், நரைத்த நீள முடிக்காரர்கள் எல்லாரும் வெளியே வரிசையாக நின்று ஓசையில்லாமல் அழுதார்கள். உள்ளே பெண்கள். ரௌஷான் அக்கா ஒவ்வொருவர் கையாகப் பிடித்து, எங்கள் வழக்கப்படி, போனவர் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

என் கையையும் பிடித்தார்கள்.

"என் தம்பி உனக்கு ஏதாவது கொறை வச்சிருந்தா மன்னிச்சு அனுப்பி வையிம்மா. மனசுல எதையும் வச்சுக்காதே."

அவர் எனக்கு வைத்த குறை! சுற்றியிருந்த பெண்கள் என்னையே பார்த்தார்கள். பதில் சொல்லாமல் விடக்கூடாது.

"மனசு நெறைஞ்சிருக்குக்கா," என்றேன்.

அதை நான் வாயால் சொன்னேன். ஆண்டவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

எல்லோரும் சாப்பாட்டுக்கு நகர்ந்த பிறகு அக்கா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

"காலையில நல்லாத்தான் இருந்தான். நர்ஸைக் கேலி பண்ணிக்கிட்டு டீ குடிச்சான். பதினோரு மணி இருக்கும். திடீர்னு மூச்சு நின்னுபோச்சு. வாயைத் தெறக்கறான், உள்ள போகல. கட்டில் கம்பியைக் கையால தட்டறான். டாக்டர் ஓடி வர்றதுக்குள்ள அதுவா வந்துடுச்சு. தொண்டையில அடைப்பு ஒண்ணும் இல்லைங்கறாங்க. கொஞ்ச நேரத்துல மறுபடியும். மறுபடியும் வந்துடுச்சு. மூணு தடவை."

நான் கேட்டுவிட்டேன். "அப்புறம்க்கா?"

"அப்புறம் நிம்மதியா படுத்திருந்தான். என்னைப் பாத்து, பயப்படாதேக்கான்னான். நாலாவது தடவை நின்னப்பவும் கம்பியைத் தட்டினான், ஆனா அவன் மூஞ்சியில பயமே இல்லை. வந்துடும்னு காத்துக்கிட்டே இருந்தான்..."

தலைத்துணி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னான். எனக்கு இன்னும் புரியல. உன்னைத்தான் கேக்கணும்னு இருந்தேன். 'மர்ஜான் நல்ல பொண்ணுக்கா, எடுத்தாலும் திருப்பிக் குடுத்துடுவா'ன்னான்."

என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.

"அவன்கிட்டேருந்து என்னம்மா எடுத்தே?"