ஐந்தே முக்கால் மணி ரோபோ

நூலக வேலை அமைதியான வேலை என்று சொல்கிறவர்கள் யாரும் ஒரு நூலகத்தின் இணையதளத்தைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள் அல்ல. நான் போடிநாயக்கனூரில், ஒரு பல்கலைக்கழகத்தின் மலையடிவார வளாகத்தில் உதவி நூலகர். ஒன்றரை வருடத்துக்கு முன்னால், புத்தகப் பட்டியலை இணையத்தில் ஏற்றும் புது மென்பொருளை வாங்கிப் போட்டுவிட்டு, "வாசகர்களுக்கு வசதியா மாத்துங்க" என்று தலைமை நூலகர் அதை என் தலையில் கட்டினார். எந்த வாசகர், என்ன வசதி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களே, உங்கள் கதையும் அநேகமாக இப்படித்தான் தொடங்கியிருக்கும்.

ஆறு படங்கள்

எங்கள் முதல் பக்கத்தில் ஆறு படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கட்டடம், குத்துவிளக்கு ஏற்றுதல், பொன்னாடை போர்த்துதல், பின்னால் மலை தெரியும்படி மறுபடியும் கட்டடம். தேடல் பெட்டி அதற்கெல்லாம் கீழே எங்கேயோ கிடந்தது. ஆட்கள் இதை எப்படித்தான் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துவிடுவோமே என்று, இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "நான் வாயே திறக்க மாட்டேன். உனக்கு வேண்டிய புத்தகத்தை நீயே தேடும்மா" என்றேன்.

வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பெண் செல்போனில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனாள். "கீழே, கீழே" என்று கத்த வேண்டும் போல இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது படத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு கேட்டாள்:

"சார், இது யார் வீட்டுக் கல்யாண ஆல்பம்?"

பதில் கிடைக்காத தேடல்கள்

நீங்கள் தேடி எதுவும் கிடைக்கவில்லை என்றால், மென்பொருள் அதை ஒரு பட்டியலில் குறித்துவைக்கும். அந்தப் பட்டியலை அதுவரை யாரும் திறந்ததில்லை. ஒருநாள் சும்மா திறந்தவன் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. "செமஸ்டர் பாஸாக எதைப் படிக்கணும்." "ஏலச்செடித் தண்டைத் துளைக்கிற புழு." "போன தடவை நான் எடுத்த பச்சை அட்டைப் புத்தகம்." "முருகேசன் அண்ணன் இன்னைக்கு வந்திருக்காரா." புழுவைப் பற்றி எங்களிடம் மூன்று புத்தகங்கள் இருந்தன. மூன்றையும் அந்தப் புழுவின் லத்தீன் பெயரில் பதிந்துவைத்திருந்தோம். எந்த விவசாயி மகன் அந்தப் பெயரைச் சொல்லித் தேடப்போகிறான்?

ஊர் வழங்கும் பெயர்களையெல்லாம் பட்டியலில் சேர்க்க இரண்டு வாரம் ஆனது. முருகேசன் அண்ணன் எங்கள் கவுண்டரில் பல வருடமாக இருக்கும் உதவியாளர். அவரைத் தேடிய தேடலை அவரிடமே வாசித்துக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் இருந்தா பச்சை அட்டை எதுன்னு எடுத்துக் குடுத்திருவேன்ல சார், அதுக்காகத்தான் கேட்டிருக்காக."

ரோபோ

அடுத்து ஒரு மர்மம். தினமும் காலை ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில் எங்கள் தளத்தில் ஒரே கூட்டம். தேடுகிறார்கள், புத்தகத்தை முன்பதிவு செய்கிறார்கள், ஆறு மணிக்கு மேல் ஆள் இல்லை. அந்த நேரத்தில் எங்கள் விடுதி மாணவர்களை எழுப்ப வேண்டுமானால் மேளம்தான் கொண்டுபோக வேண்டும். முன்பதிவு ஆன புத்தகத்தை முருகேசன் அண்ணன் தேடி எடுத்து, சீட்டுச் செருகி, மூன்று நாள் கவுண்டரில் வைத்திருப்பார். யாரும் வரமாட்டார்கள். திரும்பக் கொண்டுபோய் அடுக்குவார். "இது ஆளே இல்லை, ஏதோ ரோபோ" என்றார் தலைமை நூலகர். நான் உற்சாகமாக ஒரு விதி எழுதினேன். தொடர்ந்து மூன்று தடவை புத்தகத்தை எடுத்துக்கொள்ளாதவரின் கணக்கு, செமஸ்டர் முடியும்வரை முடக்கப்படும். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரே வாரத்தில் பதினோரு கணக்குகள் முடங்கின. எட்டாம் நாள் புகார்ப் பக்கத்தில் முத்துலட்சுமி என்பவர் எழுதியிருந்தார். பதிவேட்டைப் பார்த்தேன். தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. பொருளியல், ஒரே ஒரு தாள் பாக்கி. சேர்ந்தவர்கள் படித்து முடிக்க ஒரு கால வரம்பு உண்டு, அவருக்கு அது இந்தப் பரீட்சையோடு முடிகிறது. பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்.

"சார், புள்ளியியல் புத்தகம் மூணு தடவை பதிஞ்சும் வரலை. இப்ப என்னை உள்ளயே விடமாட்டேங்குது. இந்தத் தடவையும் அந்தப் பேப்பர் போச்சுன்னா என் எம்.ஏ.வே போச்சு."

ஞாயிற்றுக்கிழமை

அந்த "வரலை" என்னைக் குடைந்தது. புத்தகம் எப்படி வரும்? நாம்தானே போய் வாங்க வேண்டும்? அவருடைய எண்ணுக்கு வாரம் முழுக்க ஆபீஸ் நேரத்தில் அடித்தேன். எப்போதும் தொடர்பு எல்லைக்கு வெளியே. ஞாயிற்றுக்கிழமை எடுத்தார்.

"வேலை நாள்ல மேல ஏலக்காட்டுல இருப்போம் சார். முந்தல் ஊரைத் தாண்டுனா டவரு போயிரும். எறங்கி வர ஏழாயிரும்" என்றார். எங்கள் கவுண்டர் ஐந்துக்கு மூடிவிடும். ஞாயிறு விடுமுறை. அப்படியென்றால் எந்த நம்பிக்கையில் முன்பதிவு செய்தீர்கள் என்று கேட்டேன். என்மேல் அவர் பரிதாபப்பட்டது குரலிலேயே தெரிந்தது.

"அதான் ஒவ்வொரு தடவையும் எழுதிப் போட்டேனே சார், வாசிக்கலையா? நாளைக்குக் காலையில ஜீப்பு ஸ்டாண்டுக்கு வாங்க, காட்டுறேன்."

ஜீப் ஸ்டாண்ட்

மறுநாள் தூறலில் போய் நின்றேன். தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி, மடித்த பிளாஸ்டிக் தாள் என்று போடிமெட்டுக்கு ஏறும் பெண்கள். ஆள் நிறைந்தால்தான் ஜீப் கிளம்பும், அதுவரை எல்லோர் கையிலும் செல்போன். அதில் ஐந்தாறு பேர் எங்கள் தொலைநிலை மாணவர்கள். என் ரோபோ இவர்கள்தான். முத்துலட்சுமிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் கணக்கைத்தான் நான் முடக்கிவிட்டேனே, அதனால் பக்கத்தில் இருந்தவரின் போனை வாங்கி முன்பதிவுப் பக்கத்தைக் காட்டினார். கீழே ஒரு பெட்டி: "பெறும் இடம்".

பல கிளைகள் உள்ள நூலகங்களுக்காக அந்த மென்பொருளில் ஏற்கெனவே இருந்த பெட்டி அது. எங்களுக்கு ஒரே கவுண்டர் என்பதால் அதில் எழுதுவது எதுவும் முருகேசன் அண்ணன் கைக்கு வரும் சீட்டில் அச்சாகாது. நானும் அதை எடுத்துவிடவில்லை. முத்துலட்சுமி மூன்று தடவையும் ஒழுங்காக நிரப்பியிருக்கிறார்: "ராசு அண்ணன் ஜீப்பு, காலை 5.45, டீக்கடை எதிரே." எங்கள் ஊர்ப் பக்கம் மருந்து மாத்திரை, கல்யாணப் பத்திரிகை, பம்புசெட் சாமான் எல்லாமே டிரைவர் கையில் கொடுத்தால் போய்ச் சேர்ந்துவிடும். எங்கே வேண்டும் என்று நாங்களே கேட்டிருக்கிறோம், அவர் பதில் சொல்லியிருக்கிறார். இதில் என்ன தப்பு? எனக்கு வெட்கமாக இருந்தது. ஜீப்பில் சாய்ந்து நின்ற டிரைவர் ராசு அதை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

"லைப்ரரி ஆளு புத்தகம் கொண்டாருவாகன்னு தங்கச்சி சொல்லுச்சு. மூணு நாளு வண்டியை அஞ்சு நிமிசம் கூட நிப்பாட்டிப் பாத்தேன் சார்."

கையெழுத்து

நேராக ஆபீசுக்குப் போய் முதல் வேலையாகப் பதினோரு கணக்குகளையும் திறந்துவிட்டேன். அடுத்து, அந்தப் பெட்டியில் இத்தனை நாளும் ஆட்கள் எழுதியதையெல்லாம் அச்செடுத்துத் தலைமை நூலகர் முன்னால் வைத்தேன். புத்தகத்தை உறுப்பினர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. "ஜீப்புக்கு மெம்பர் கார்டு போட்டிருக்கோமா?" என்று கேட்டார். பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது என்றேன். தாளைப் புரட்டினார். "தேவாரம் பஸ்சு, டிரைவருக்குப் பின் சீட்டு." "குரங்கணி போற பால் வண்டி." "மழைன்னா பிளாஸ்டிக் கவர்ல போட்டு டீக்கடையில குடுக்கவும், புத்தகம் நனைஞ்சிரும்."

அந்தக் கடைசி வரியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப ஒருமுறை வாசித்தார். பேனாவை எடுத்தார்.

"நம்ம புத்தகம் நனையக் கூடாதுன்னு கவலைப்படறவங்களுக்குக் குடுக்காம, வேற யாருக்குக் குடுக்கப்போறோம்?"

நேரில்

முருகேசன் அண்ணன் வீடு ஜீப் ஸ்டாண்ட் இருக்கும் சாலையில்தான். "இருக்கிற சோலி பத்தாதா" என்று முனகிக்கொண்டே புள்ளியியலைக் கவரில் சுற்றிக்கொண்டு போனார். அதன்பிறகு அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஜீப்பில் படித்தால் வளைவுகளில் குமட்டும் என்பதால் முத்துலட்சுமி மதியச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தார். நான் ஆறு படங்களையும் தூக்கினேன், டவர் குறைவாக இருந்தாலும் பக்கம் திறக்கும்படி செய்தேன். ஆனால் மனசு அந்த ஒரு தாளிலேயே கிடந்தது. முடிவு வந்த அன்று அவருக்கு முன்னால் நான் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். பாஸ். என் பரீட்சை முடிவுக்குக்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

புத்தகத்தை ஜீப்பிலேயே திருப்பி அனுப்பியிருக்கலாம். அவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு நேரில் வந்தார். எங்கள் நூலகத்துக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. கீழ்த்தளம் முழுக்க நடந்தார், மாடிக்குப் போனார், அலமாரிகளுக்கு நடுவில் அசையாமல் நின்றார். சந்தோஷமாகப் பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் முகத்தில் இருந்தது வருத்தம்.

"வெப்சைட்ல பாத்தப்ப ஒரு பீரோ அளவுக்குத்தான் இருக்கும்னு நெனச்சேன். இம்புட்டு இருக்குன்னு ஏன் சார் அதுல சொல்லவே இல்லை?"

ஊரையே படிக்கச் சொல்லும் உத்தியோகத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊர் எழுதியதை ஒன்றரை வருடமாகப் படிக்காமல் இருந்த ஒரே ஆள் நான்தான்.