புகைக்குப் பின்னால் வந்தவள்

பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள எங்கள் பட்டறைக்குப் புது டீசல் வேன் வாங்கியிருந்தோம். கம்பெனி சர்வீஸ் முடிந்து அது புகைச் சோதனையில் தேறிய மறுநாள் கணவர் வேனை ஓட்ட, நான் மொபெட்டில் பின்னால் போனேன். மேடு ஏறும்போது வேன் கக்கிய கரும்புகையில் சாலையே தெரியாமல் வலப்பக்கம் போய்விட்டேன். எதிரே வந்த லாரிக்காரர் பிரேக் அடித்ததால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

நேராக வேன் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்குப் போனோம். மேனேஜர் எதையும் மறைக்கவில்லை.

"சோதனைக்கு முன்னாடி டீசல் வர்றதக் கொறைச்சு வெப்போமுங்க அம்மணி. முடிஞ்சதும் ஏத்திருவோம். இல்லீனா வண்டி இழுக்காதுங்க. கம்பெனியே அப்படித்தான் சொல்லியிருக்குதுங்க. டெஸ்ட்டுல பாஸ் ஆயிருச்சல்லங்க?"

"டெஸ்ட் பண்றவரு வண்டிக்குப் பின்னாடி வாரதில்லீங்க. நாந்தான் வாரேன். மொபெட்டுல ஏறுங்க" என்றேன்.

கணவர் வேனை முன்னால் ஓட்டினார். அதே மேட்டில் ஏறி இறங்கியபோது மேனேஜரின் வெள்ளைச் சட்டை வெள்ளையாக இல்லை. அன்று மாலையே டீசலைக் குறைத்துக் கொடுத்தார். வேன் கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது. போகட்டும்.

இப்போது சர்வீஸ் முடிந்ததும் அவர் நீட்டும் சான்றிதழை நான் பார்ப்பதில்லை. மொபெட்டின் பின் சீட்டைக் காட்டுகிறேன். தயங்காமல் அவர் ஏறினால்தான் வேனை எடுத்துக்கொள்கிறேன்.