தலைப் பொங்கலுக்கு அடித்த அடைக்கோழி

அந்த மார்கழியில் பென்னலூர் முழுக்கக் கோழிச் சீக்கு. பனியோ சொல்லி மாளாது. விடிந்து கூடையைத் தூக்கினால் இரண்டு மூன்று கழுத்து தொங்கிக் கிடக்கும். எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒரு கருப்புப் பெட்டை மட்டும். சேவல் சாவதற்கு முன்னால் அந்தப் பெட்டை இட்ட முட்டைகளை அம்மா தவிட்டுப் பானையில் சேர்த்து வைத்திருந்தாள். அடுப்படி மூலையில் கூடை வைத்து, வைக்கோல் பரப்பி, பனி இறங்காமல் சாக்கை மூடி அடை வைத்தாள். ஊரில் வேறு சேவல் இல்லை. இவை பொரிக்காவிட்டால், அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த கோழியின் வம்சம் அத்தோடு முடிந்தது.

எனக்கு அது தலைப் பொங்கல். அம்பத்தூரில் கம்பெனி வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரோடு மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம்தான் வந்து சேர்ந்தேன். அம்மா என்னை நலம் விசாரிப்பதற்கு முன்பே கூடையிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஒரு முட்டையை என் காதில் வைத்து, "உள்ள கொத்துது பாரு, இன்னும் ரெண்டு நாளு" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

காணும் பொங்கலன்று அப்பா விடியற்காலையிலேயே கூடைப் பக்கம் போனார்.

"அடையில கீது. ரெண்டே நாளு பொறுத்துக்கோயேன்" என்றாள் அம்மா.

"மாப்ள வந்து குந்திகினு கீறாரு. வூட்டுக் கோழி அடிச்சுப் போடலன்னா ஊரு சிரிக்கும்."

மாப்பிள்ளை கேட்கவே இல்லை. கேட்காததைக் கொடுத்தால்தான் அப்பாவுக்குக் கௌரவம். "எங்களுக்கு வேணாம்பா" என்று நானும் சொன்னேன். புருஷன் வீட்டுக்குப் போனவள் பேச்சை அங்கே யார் கேட்பது? அதற்குள் அப்பா கோழியின் கழுத்தைத் திருகி முடித்திருந்தார்.

அம்மா அழவில்லை. முட்டைகளைத் தன் பழைய புடவையில் சுற்றி, உமியைச் சூடாக்கிப் பானையில் போட்டு, அதற்குள் புதைத்தாள். அதன் பிறகு அவளேதான் அந்தக் கோழியைச் சுத்தம் செய்ய வேண்டும், மசாலா அரைக்க வேண்டும், குழம்பு வைக்க வேண்டும். நான் கை கொடுத்தும் வேலை ஓயவில்லை. நடுநடுவே ஓடிவந்து உமியைத் தொட்டுப் பார்ப்பாள். தொடும்போதெல்லாம் ஆறியிருக்கும்.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், "கறியே இல்லையே, எலும்பாத்தான் கீது" என்றார். தீனி தண்ணி மறந்து முட்டைமேலேயே கிடந்த கோழியில் கறி எங்கிருந்து வரும்? எனக்கு வாயில் வைக்க முடியவில்லை. அந்த வீட்டையே வெறுத்தேன். அப்பாவும் தலையைத் தூக்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

சாயங்காலம் அம்மா ஒரு அகலச் சட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி முட்டைகளை விட்டாள். உள்ளே உயிர் இருந்தால் முட்டை தானாக ஆடும். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒன்றுகூட அசையவில்லை.

அப்பா பின்னால் வந்து நின்றார். "வுடு. வேற கோழி வாங்கிக்கலாம்" என்றார், இறங்கிய குரலில்.

அம்மா தண்ணீரில் விரலை வைத்தாள்.

"ஆறிப்போச்சு. அதான் ஆடல" என்று சொல்லிவிட்டு, முட்டைகளை மடியில் அள்ளிக்கொண்டு, சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினாள்.