அவள் வாயாலேயே வந்த நியாயம்

சகோதர சகோதரிகளே, போன வருடம் பாலத்து ஓட்டப் பந்தயத்தில் என் வலது கணுக்கால் உடைந்தது. உடைத்தவள் ஸ்டெல்லா. பட்டினப்பாக்கத்தில் என் மீன் கடைக்கு அடுத்த கடைக்காரி. ஜெபக்கூட்டத்திலும் என் பக்கத்தில்தான் உட்காருவாள்.

ஒவ்வொரு ஜனவரியிலும் எங்கள் பகுதிப் பெண்கள் நாங்கள் அடையாற்றுப் பாலத்தைக் கடந்து போய்த் திரும்பி ஓடுவோம். போன வருடத்துக்கு முந்திய மூன்று வருடமும் நானே முதல். அன்று பாலத்தின் நடுவில் பின்னாலிருந்து ஒரு கை என் முதுகில் பலமாகத் தள்ளியது. கீழே கிடந்தபடி, ஸ்டெல்லா என்னைத் தாண்டி ஓடுவதைப் பார்த்தேன். கோப்பை அவளுக்கு. எனக்குக் காலில் தகடும், நான்கு மாதப் படுக்கையும்.

யாரும் என்னை நம்பவில்லை. "நீயா தடுக்கி உழுந்துட்டு, அந்தப் பொண்ணு மேல இன்னாத்துக்குப் பழி போட்டுக்கினு கீற?" என்று என் கணவரே கேட்டார். எலும்பு உடைந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

அதன்பிறகு தினமும் ஜெபித்தேன். நல்ல ஜெபம் இல்லை. "ஆண்டவரே, அதே பாலத்தில் அவளும் விழ வேண்டும். அவள் எலும்பு உடையும் சத்தம் என் காதில் கேட்க வேண்டும்." மறைக்காமல் சொல்கிறேன், அப்படிக் கேட்கும்போது எனக்கு இனித்தது. அந்த வெறியில்தான் ஊன்றுகோலை விட்டேன். கடற்கரை மணலில் நடந்தேன். பிறகு ஓடினேன்.

இந்த ஜனவரியில், அதே பாலத்தில், அவள் எனக்குப் பத்தடி முன்னால் ஓடினாள். "இப்போதே, ஆண்டவரே" என்று முணுமுணுத்தபடி நெருங்கினேன். அவள் விழவில்லை. நானே தள்ளிவிடலாம் என்று கையைத் தூக்கிவிட்டேன். அந்த நொடியில் அவள் திரும்பிப் பார்த்தாள். கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கத்தினாள்.

"வோணாக்கா! நான் தள்ன மாதிரி நீயும் தள்ளிடாதக்கா!"

சுற்றி ஓடிய பெண்கள் அப்படியே நின்றார்கள். எங்கள் ஜெபக்கூட்டத்தை நடத்தும் மேரியக்காவும் அங்கே இருந்தார். "இன்னாடி சொன்ன? நீயா தள்ன?" என்று கேட்டார். ஸ்டெல்லா தலையைக் குனிந்து அழுதாள்.

நான் கையை இறக்கினேன். அவளைத் தாண்டி ஓடினேன். அந்த அழுகை என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வருடத்தில் அன்றுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

சாயங்காலம், அதைக் கேள்விப்பட்ட என் கணவர் என் காலருகில் உட்கார்ந்து, "என்னிய மன்னிச்சுக்கமே" என்றார்.

ஸ்டெல்லாவோடு நான் இன்னும் பேசவில்லை. ஆனால் அவள் கால் உடைய வேண்டும் என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். அவள் திரும்ப ஒரு நொடி தாமதமாகியிருந்தால் என் கையும் அவள் கையைப் போலத் தள்ளிவிட்ட கையாகியிருக்கும். அதைத் தடுத்த ஆண்டவருக்கு நன்றி சொல்லாமல் இப்போது நான் கடை திறப்பதில்லை.

அநியாயம் பட்டவர்களே, உங்கள் கோபத்தைக் கழுவித் துடைத்து அவர்முன் கொண்டுபோகாதீர்கள். இருக்கிறபடியே கொட்டுங்கள். எதைக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.